போறீங்களா, இருக்கிறீங்களா?

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் யோசனை அண்ணன் அளவுக்கு யோசித்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பதாக இருந்தாலும் அந்த ஆள் பத்து மாதத்தில் பிறக்கமாட்டார். அண்ணன் யோசித்ததில் கால்வாசியை நான் யோசித்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பேன். நான் செய்ததில் கால்வாசியை அவர் செய்திருந்தால் அவரும் என்னைப்போல நாலு இடத்தில் முட்டுப்பட்டிருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கரடியனாற்றுப் பக்கம் நாங்கள் இருவரும் வேலை பார்த்த நீர்ப்பாசனக் கந்தோரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர் படவரைஞர். வாய்க்கால் எங்கே போகவேண்டும் என்று பொறியியலாளர் சொல்லிவிட்டால் அண்ணன் முடி பிசகாமல் வரைந்து கொடுப்பார். "எங்கால கொண்டுபோகலாம்?" என்று அவரையே கேட்டுவிட்டால் கதை முடிந்தது. "யோசிச்சுச் சொல்றன்" என்பார். குளத்து வான்கதவு திறக்கும் பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்காதது எங்கள் விவசாயிகள் செய்த புண்ணியம். கொடுத்திருந்தால் ஒரு வட்டையிலும் நெல் விளைந்திருக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தோரில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். அண்ணனைச் சேர்ப்பதில்லை. ஒருநாள் ஆள் குறைகிறதே என்று சேர்த்தோம். துரும்பு எது என்று அவர் சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து, பொறியியலாளர் வந்து, எல்லோருக்கும் திட்டு விழுந்தது. மறுநாள் காலை கந்தோருக்குள் நுழைந்ததும் என் மேசையடிக்கு வந்து, "தம்பி, டயமன்" என்றார்.

இவர் ஓட்டமாவடியில் இடுப்பில் கட்டச் சாரம் வாங்கிய கதை இன்னும் பெரியது. கட்டம் போட்டதா, கரை வைத்ததா என்று இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்கார முஸ்லிம் காக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். "சேர், நான் தொழுதுபோட்டு வாறன். நீங்க யோசிச்சிட்டு இரிங்க, கடையையும் ஒருக்காப் பாத்துக்கங்க" என்று பள்ளிக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது அண்ணன் அதே இடத்தில் அதே இரண்டு சாரத்தோடு நிற்கிறார். ஆனால் இடையில் வந்த இரண்டு பேருக்குச் சாரம் விற்றாகிவிட்டது. "உங்களுக்குப் பச்சைதான் பொருத்தம், கட்டுங்க" என்று கண் மூடித் திறப்பதற்குள் தெரிவு செய்து கொடுத்திருக்கிறார். காக்கா அவரைக் கடைக்கு ஆளாக வரச்சொல்லிக் கேட்டார். அதையும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அதுதான் அவருடைய விசேஷம். மற்றவர் காரியம் என்றால் அவருக்கு யோசனையே தேவையில்லை. எனக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, பெட்டியும் கட்டிவிட்டு, போவதா விடுவதா என்று நெஞ்சு அடித்துக்கொண்ட நாளில் அவரிடம் போனேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட இல்லை. "போகாத. இரு" என்றார். இருந்தேன். கட்டாருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. இருந்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஓய்வு பெற்ற கையோடு ஒரு பெரிய கேள்வி வந்து சேர்ந்தது. மனைவி தவறிச் சில வருடங்கள். ஒரே மகள் கனடாவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்லடியில் அண்ணன் குடியிருந்த வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மகள் தொலைபேசியில் முகம் காட்டிச் சொன்னாள்.

"அப்பா, நீங்க இஞ்ச வந்து எங்களோட இருக்கிறதெண்டா வீட்டை வித்துருவம். வாறல்ல எண்டா கூரையைத் திருத்துவம். மழையும் தொடங்கிற்று. ஏதாவது ஒண்டைச் சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றன் மகள்."

மாதங்கள் போயின. கூரை ஒழுகியது. அவர் வாளி வைத்தார். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சந்தையில் மீன் வெட்டுகிறவர் கேட்பார், "மறுகா என்ன சேர், போறீங்களா, இருக்கிறீங்களா?" பேப்பர் கடைக்காரர் கேட்பார், "போறீங்களா, இருக்கிறீங்களா?" கோயில் ஐயர் திருநீறு தரும்போதும் அதையே கேட்டார். அண்ணன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். நான் மட்டும் கேட்கவில்லை. எனக்கு அவர் சொன்னதுபோல "போகாதீங்க, இருங்க" என்று ஒரு சொல் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெற்ற பிள்ளை கூப்பிடும்போது நடுவில் நான் யார். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் இல்லாத கல்லடியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் போக்கர் வந்தது. மாமனார் தனியே இருக்கிறாரே என்று மருமகன் கனடாவிலிருந்தே வழி சொல்லி, அவருடைய தொலைபேசியில் அந்தச் சீட்டு விளையாட்டை ஏற்றவைத்திருந்தார். எல்லாம் விளையாட்டுச் சில்லுகள்தான், காசு கிடையாது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கை நல்லதென்றால் பந்தயமாகச் சில்லு வைக்கலாம், பிடிக்காவிட்டால் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். யோசிப்பதற்குக் கொஞ்ச நேரம் தருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் தொலைபேசியே அவருடைய சீட்டைப் போட்டுவிடும். அண்ணன் யோசித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு தரமும் தொலைபேசி அவரை விலக்கிவிட்டது. இதனால் அவர் ஒருநாளும் தோற்கவே இல்லை. விளையாடினால்தானே தோற்பதற்கு. யாரோ முகம் தெரியாத ஒருவர் அவருக்கு, "நீங்கள் மிகவும் நிதானமான ஆட்டக்காரர்" என்று செய்தி அனுப்பியிருந்தார். அதை என்னிடம் பலமுறை காட்டினார்.

மாரி காலம். பாசிக்குடாவில் வெள்ளைக்காரர் வரத்து இல்லை. அங்கே ஒரு ஹோட்டலில் அறைகள் சும்மா கிடக்க, முகாமையாளர் போக்கர் போட்டி ஒன்று அறிவித்தார். நுழைவு இலவசம், யாரும் வரலாம், மிஞ்சும் எட்டுப் பேர் கடைசி மேசையில் மோதுவார்கள், வென்றால் இரண்டு நாள் தங்கிச் சாப்பிடலாம். நான் யோசிக்காமல் இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டேன். அண்ணனின் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் கொடுத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அன்று பின்னேரமே மகளை அழைத்தார்.

"மகள், ஒரு முடிவு எடுத்திட்டன். பாசிக்குடாவில நடக்கிற போக்கர் போட்டியில கடைசி மேசைக்கு வந்தா கனடாவுக்கு வாறன். வராட்டி இஞ்சதான் இருக்கன்."

மகள் தலையில் கை வைத்தாள். பிறகு, "சரியப்பா. இதிலயாவது பேச்சு மாறாதீங்க" என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் பின்னேரத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். தொலைபேசியில் விளையாடியது வேறு, நேரில் முகம் பார்த்து விளையாடுவது வேறு, அதற்கு ஒரு ஆட்டமுறை வேண்டும் என்பது அவருடைய கவலை.

"தம்பி, வீச்சு வலையா, தூண்டிலா, நண்டுக்கூடா?"

வீச்சு வலை என்றால், நிழல் தெரிந்தால் வீசுவது. எந்தச் சீட்டு வந்தாலும் சில்லைத் தள்ளி மற்றவர்களைப் பயமுறுத்துவது. தூண்டில் என்றால், நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் குந்தியிருப்பது. நண்டுக்கூடு என்றால், நல்ல சீட்டு வந்தபிறகும் ஒன்றும் இல்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு மற்றவன் தானாக உள்ளே வரும்வரை பார்த்திருப்பது. மூன்றிலும் உள்ள நன்மை தீமைகளை அவர் தேநீர் ஆற ஆறச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் மீனுக்குப் போறதெண்டா சொல்லுங்க, நான் கறிக்கு வாங்காம விடுறன்" என்றாள்.

நான் ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். "வீச்சு வலையே போடுங்க அண்ணன். ஒன்பது மணிக்குத் தொடங்கினா பத்து மணிக்குத் தோத்திரலாம். பகல் சாப்பாட்டையும் சாப்பிட்டுக் கிறுகி வந்திரலாம்."

"நான் தோக்கணும் எண்டு உனக்கு யார் சொன்ன?"

"நீங்க வெல்லணும் எண்டு உங்களுக்கு யார் சொன்ன?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தேநீரைப் பார்த்தார். "அதையும் யோசிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம். மழை விட்டிருந்தது. மூன்று மேசைகள், சுற்றி இருபது முப்பது பேர். எங்கள் மேசையில் சீட்டுப் போட்டவர் வாழைச்சேனைத் தம்பி ஒருவர். சுற்றுலாக் கப்பலில் இதே வேலை பார்த்தவராம். எல்லோரும் அவரைக் கப்பல் என்றே கூப்பிட்டார்கள். தொடங்கும் முன் எழுந்து நின்று சட்டம் சொன்னார்.

"இஞ்ச வாயால சொன்னா சொன்னதுதான். தமிழ், சிங்களம், இங்கிலீசு, எதில சொன்னாலும் சரி. பிறகு நான் அப்பிடிச் சொல்லல்ல, இப்பிடிச் சொன்னன் எண்டு ஒருத்தரும் வரக்கூடாது."

ஒவ்வொருவருடைய முறை வரும்போதும் கப்பல் கேட்பதும் எங்களுக்கு விளங்கும் தமிழில்தான் இருந்தது. விலகுவதென்றால் "போறன்", தொடர்வதென்றால் "இருக்கன்". அவர் அண்ணனைப் பார்த்து முதன்முதலாக, "ஐயா, போறீங்களா, இருக்கிறீங்களா?" என்று கேட்டதும் அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இவனுக்கும் தெரியுமா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

நான் சொன்ன வீச்சு வலையை நானே போட்டேன். பத்து மணிக்கு முன்பே என் சில்லு முழுவதும் போய், அண்ணனுக்குப் பின்னால் கதிரை போட்டுக் குந்திக்கொண்டேன். அவர் எந்த வலையும் போடவில்லை. யோசித்தார். இங்கே தொலைபேசியில்போல அவரை விலக்க ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு ஆட்டக்காரர் வருவார் என்று முகாமையாளர் நினைக்கவில்லை போலிருக்கிறது, நேரக் கட்டுப்பாடு ஒன்றும் வைக்கவில்லை. அண்ணன் இரண்டு சீட்டையும் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், கூரையைப் பார்ப்பார், மறுபடி தூக்கிப் பார்ப்பார். செங்கலடியிலிருந்து வந்த ஒருவர் எழுந்துபோய் முகம் கழுவி, வீட்டுக்குக் கதைத்துவிட்டு வந்து, "இன்னும் அதேதானா?" என்று கேட்டார். அதே கைதான். கடைசியில் அண்ணன் "போறன்" என்று சீட்டைப் போடுவார்.

அவர் யோசிக்க யோசிக்க மற்றவர்களுக்குப் பொறுமை போனது. இவரிடம் மறுபடி முறை வருவதற்குள் எதையாவது செய்து முடிப்போம் என்று கண்ட கண்ட சீட்டுக்கெல்லாம் சில்லைத் தள்ளி, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அண்ணன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா குந்தியிருந்தார். சுற்றி ஆட்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். எனக்குக் கனடா விமானத்தின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் பலசாலி கொழும்பிலிருந்து வந்த கறுப்புக் கண்ணாடிக்காரர். மண்டபத்துக்குள்ளும் கண்ணாடி கழற்றாத மனிதர். ஒரு ஆட்டத்தில் அவர் பெருந்தொகைச் சில்லைத் தள்ளிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணனிடம் இருந்தது ஒரு மூன்று, ஒரு எட்டு. சோடியும் இல்லை, சொந்தமும் இல்லை. விலகவேண்டிய சீட்டு. அவர் வழக்கம்போல யோசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக்காரர் தட்டோடு வந்து அவருடைய காதடியில் குனிந்தார். ஒரு கோப்பை, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சீனி.

"ஐயா, சீனி அளவாப் போடவா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் போடவா, கூடப் போடவா?"

மனிதர் மூன்றாம் தரம் கேட்டார். அண்ணனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் போடுங்க."

கப்பல் சட்டென்று நிமிர்ந்தார். "ஐயா எல்லாத்தையும் போடுறார்" என்று உரத்துச் சொல்லி, அண்ணனுடைய சில்லு முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டார். தேத்தண்ணிக்காரரும் கிண்ணத்தில் இருந்ததை முழுக்கக் கவிழ்த்துவிட்டார். "நான் சீனியை..." என்று அண்ணன் தொடங்கினார். கப்பல் கையைக் காட்டினார். சொன்னா சொன்னதுதான்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் அன்று முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார். காலையிலிருந்து ஒரு சில்லு வைக்க அரை மணித்தியாலம் எடுத்த மனிதர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போடுகிறார் என்றால் கையில் என்ன இருக்கும்? இரண்டு ஆசு இருக்கும். நான்கூட ஒருகணம் அப்படித்தான் நினைத்தேன், நானோ அந்த மூன்றையும் எட்டையும் பின்னாலிருந்து கண்ணால் பார்த்தவன். "நான் போறன்" என்று கண்ணாடிக்காரர் சீட்டைப் போட்டார். நடுவில் கிடந்த குவியல் அண்ணன் பக்கம் வந்தது. அவர் அந்தப் பாகுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அதன்பிறகு மேசையே அவருக்குப் பயந்தது. பின்னேரம் நாலு மணியளவில் மொத்தம் ஒன்பது பேர் மிச்சம். இன்னும் ஒருவர் விழுந்தால் மற்ற எட்டுப் பேரும் கடைசி மேசை. முறைக்கு முறை கட்டாயமாக வைக்கவேண்டிய சில்லில் அண்ணனின் குவியல் கரைந்திருந்தாலும் ஆபத்தில்லை. பக்கத்து மேசையில் ஒருவரிடம் மூன்று சில்லுதான் கிடந்தது, இப்போதோ பிறகோ அவர் எழும்பிவிடுவார். அண்ணன் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. அவருக்கு நன்றாக வருகிற வேலை அது.

சீட்டு விழுந்தது. கண்ணாடிக்காரர் தன் சில்லு முழுவதையும் தள்ளினார். அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு இரண்டு, ஒரு ஏழு, வேறு வேறு சாதி. போக்கரில் இதைவிடக் கேவலமான சீட்டு கிடையாது என்று அவரே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். குழந்தைப்பிள்ளைகூட விலகும். விலகினால் கடைசி மேசை. கடைசி மேசை என்றால் கனடா.

அவர் சீட்டை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மழை மறுபடி தொடங்கியிருந்தது. வீட்டில் வாளி நிரம்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. முகம் சீட்டு விளையாடுகிறவருடைய முகமாக இல்லை. எனக்கு அந்த முகம் தெரியும். சந்தையில் மீன் வெட்டுகிறவர் கேட்டபோது வைத்திருந்த முகம்.

கப்பல் குனிந்தார். "ஐயா, போறீங்களா, இருக்கிறீங்களா?"

"இருக்கன்."

அவர் யோசிக்கவே இல்லை. கட்டாருக்குப் போகவேண்டாம் என்று எனக்குச் சொன்னதுபோல, வாயிலிருந்து விழுந்தது. கப்பலுக்கே மனம் கேட்கவில்லை. "ஐயா, விளங்கித்தானே சொல்றீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம் தம்பி. இருக்கன். வாயால சொன்னா சொன்னதுதானே."

சில்லு நடுவுக்குப் போனது. சீட்டுகள் திரும்பின. கண்ணாடிக்காரரிடம் இரண்டு ராசா. நடுவில் ஐந்து சீட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. அன்று அந்த மண்டபத்தில் நண்பன் தோற்கவேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏழும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. பிள்ளையார் கைவிடவில்லை.

கண்ணாடிக்காரர் எழுந்து கை கொடுத்தார். "ஒரு ஏழு இரண்டை வைத்துக்கொண்டு எந்தத் துணிவில் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஊரில இருக்கிறதுக்கு என்னத்துக்குத் துணிவு?" என்றார் அண்ணன். அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று மகளை அழைத்தோம். அங்கே விடியற்காலை. நித்திரைக் கண்ணோடு வந்தாள்.

"மகள், தோத்திட்டன்."

"எப்பிடியப்பா?"

"என்னட்டக் கேட்டாங்கள். இருக்கன் எண்டு சொன்னன்."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "இந்த ஒரு சொல்லுக்கா அப்பா இவ்வளவு மாசம்? நீங்க வரமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். உங்கட வாயால வரட்டும் எண்டுதான் பாத்துக் கொண்டிருந்தன். கூரைக்கு ஆள் பிடியுங்க. ஆடியில நாங்க வாறம்." அண்ணன் தொலைபேசியை எனக்குத் தந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். நான் அவளிடம் பேசவேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது செங்கலடி தாண்டியதும் கேட்டேன். "அண்ணன், உண்மையைச் சொல்லுங்க. அந்த நேரம் கப்பல் கேட்டது சீட்டைப் பத்தி எண்டு உங்களுக்கு விளங்கினதா, இல்லையா?"

ஏறாவூர் வந்து, அதுவும் பின்னால் போனது.

"யோசிச்சுச் சொல்றன்" என்றார்.

கல்லடிப் பாலத்தடிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முதுகில் தட்டினார். "தம்பி, ஒருக்கா நிப்பாட்டு. புதுப்பாலத்தால உன்னோட வாறதா, பழைய பாலத்தால நடந்து போறதா?"

இத்தனை வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டு அந்த இடத்தில் நான் பல்லைக் கடித்திருக்கிறேன். எத்தனையோ தரம் அவரை இறக்கிவிட்டு ஓடியிருக்கிறேன். அன்று எஞ்சினை நிறுத்தி, மோட்டார் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"நல்லா யோசிங்க அண்ணன்" என்றேன். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."